ஓய்வுக்குப் பிறகு எங்கே, எதை, எப்படிப் படிப்பது?

கேள்வி: நீர்வளத் துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். நடை, பேப்பர், கோயில் எல்லாம் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது. அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்தவன். இப்போது எம்.ஏ. வரலாறு படிக்கலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பக்கம் வகுப்பு ஏதும் உண்டா? படித்தது மறுநாள் நினைவில் நிற்பதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்ற என் மனைவிக்கும் படிக்க ஆசை. பாட்டும் கற்க வேண்டும் என்கிறாள்.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: அண்ணாச்சி, வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே நடக்கும் வகுப்பைத் தேடி அலைந்து மனம் சோர்ந்துவிடாதீர்கள். அரசுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை பிழைப்புக்குத் தொழில் தேடும் இளையவர்களை மனதில் வைத்து அமைந்தவை. திருநெல்வேலியில் இருப்பது போன்ற மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் சேர 12 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆகவே அறுபதைத் தாண்டியவருக்கு இரண்டு வழிதான் பயன் தரும்: வயது வரம்பே இல்லாத தொலைநிலைக் கல்வி ஒன்று, நீங்களே நாலு பேரைச் சேர்த்து உருவாக்கும் வகுப்பு மற்றொன்று. இரண்டாவதுதான் உங்களுக்குப் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

எம்.ஏ. தாராளமாகப் படிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் மேல் வயது வரம்பு கிடையாது. தமிழில் எழுத விரும்பினால் முதலாவதைப் பாருங்கள். இரண்டிலும் ஆண்டுக்கு இரு முறை சேர்க்கை உண்டு. நம் வயதுக்காரர்கள் தடுக்கி விழுவது பாடத்தில் அல்ல, விண்ணப்பத்தில். தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது டெப் ஐடி என்ற எண் கட்டாயம். அது பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து பெறும் எண். அதற்கு முன் மாணவரின் மதிப்பெண் கணக்குக்கான ஏபிசி ஐடி எடுக்க வேண்டும், அதை அரசின் மின்னாவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக எடுக்கலாம், டிஜிலாக்கருக்கு ஆதாரோடு இணைந்த கைபேசி எண் வேண்டும். இந்த வரிசையில் ஒன்று விட்டாலும் அடுத்தது நகராது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல் ஒற்றை எழுத்தாக இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் வந்திருக்கும், பட்டச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ முதலில் ஆதாரைச் சரிசெய்யுங்கள். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டுத் திருத்தப் போனால் கடைசித் தேதி கடந்துவிடும். சேரும்போதே தேர்வு மையம் எந்த ஊர் என்றும் கேட்டு வையுங்கள்.

இருந்தாலும் இந்த ஆண்டே எம்.ஏ.வில் குதிக்க வேண்டாம். இரண்டு ஆண்டுப் படிப்புக்குப் பணம் கட்டிவிட்டு முதல் பருவத்திலேயே புத்தகக் கட்டைப் பரணில் ஏற்றுகிறவர்கள் அநேகம். முதலில் ஒரு சின்னப் படிப்பில் உங்கள் பொறுமையைச் சோதித்துப் பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம். அதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரங்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம், பாடத்துக்கு 1000 ரூபாய். நேரில் போய் எழுத வேண்டும். தேர்வுக்கு 75, வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண். தேர்வில் 30, பயிற்சியில் 10 வராமல் சான்றிதழ் இல்லை. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், வேகமாகவும் போகும். காணொளியின் வேகத்தை 0.75 ஆகக் குறைத்து, வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், காதில் ஹெட்போன் மாட்டுங்கள். வயதாக ஆகக் கீச்சு ஒலிகள்தான் முதலில் மங்கும். அதனால் பேச்சு கேட்கும், ஆனால் சொல் பிரியாது. ஒரே நேரத்தில் மூன்று பாடங்களுக்குப் பதிவு செய்யாதீர்கள், ஒன்று போதும். 12 வாரப் பாடம் ஒன்றை முழுதாக முடித்துவிட்டால் அடுத்த சேர்க்கையில் எம்.ஏ.வுக்குத் துணிந்து பணம் கட்டலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எம்.ஏ. தேர்வு என்றால் மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டும். அலுவலகத்தில் கையெழுத்தும் குறிப்பும் மட்டுமே எழுதிப் பழகிய விரல்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே இறுகிவிடும். தடித்த பிடியுள்ள பேனாவால் தினம் இரண்டு பக்கம் இப்போதிருந்தே எழுதிவாருங்கள். படித்ததைச் சுருக்கி எழுதினால் இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

மறதிக்கு வருவோம். படித்தது நிற்காததற்கு வயதை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். பெரும்பாலும் படிக்கிற முறைதான் காரணம். கோடு போட்டுக்கொண்டே படிப்பதும் ஒரே பக்கத்தை மூன்று முறை வாசிப்பதும் படித்துவிட்ட நிறைவைத் தரும், ஆனால் நினைவில் தங்காது. இரண்டு பக்கம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவிலிருந்து ஐந்து குறிப்பு எழுதுங்கள். பிறகு திறந்து விட்டதைச் சிவப்பில் சேருங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தாளைப் பார்க்காமல் அதையே மறுபடி எழுதிப் பாருங்கள். திணறித் திணறி நினைவுக்குக் கொண்டுவருகிறோமே, அந்தத் திணறல்தான் பாடத்தைப் பதிய வைக்கிறது. முதல் வாரம் ஐந்துக்கு இரண்டு தேறினாலே நல்லது.

நேரத்தைக் காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் வையுங்கள், சாப்பிட்ட பின் வேண்டாம். கண்ணாடியையும் கவனியுங்கள். வாசிப்புக் கண்ணாடி ஏறக்குறைய 35, 40 செ.மீ. தூரத்துக்கு அளந்தது. கணினித் திரை 50, 60 செ.மீ.யில் இருக்கும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப் பாதியால் திரையைப் பார்க்க முகத்தை அண்ணாந்து வைத்துக்கொள்வதால்தான் பலருக்குக் கழுத்து வலி வந்து படிப்பே நின்றுபோகிறது. கண் பரிசோதனைக்குப் போகும்போது திரையின் தூரத்தை அளந்து சொல்லி, அதற்குத் தனிக் கண்ணாடி கேளுங்கள்.

புத்தகம் மட்டுமல்லாமல், பழகிய பெயர், போய்வந்த வழி, கொடுத்த பணம் எல்லாம் மறந்தால் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு குறைவும் பி12 குறைவும் மறதியைத் தரும், இரண்டுக்கும் மருந்து உண்டு. சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம் என்பதால் அந்தப் பரிசோதனையைக் கேட்டே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நாங்கள் முக்கியமாகக் கருதும் விஷயம். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஓய்வு பெற்றவர்களுக்காக 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' தொடங்கியது. அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1980களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்துக்குப் போனபோது முறை மாறியது. தேர்வு இல்லை, பட்டம் இல்லை, சம்பள ஆசிரியரும் இல்லை. வந்தவர்களே தங்களுக்குத் தெரிந்ததை மாற்றி மாற்றிக் கற்பித்துக்கொண்டார்கள். செலவில்லாத இந்த இரண்டாம் முறை நம்மூருக்கு நன்றாக ஒத்துவரும். அடுத்த வாரம் நாம் பேச வேண்டும் என்று இருந்தால்தான் இந்த வாரம் ஊன்றிப் படிப்போம். கேட்டுவிட்டு வருகிறவரைவிடச் சொல்லிக்கொடுக்கிறவருக்குத்தான் பாடம் அதிகம் தங்கும்.

எதைப் படிப்பது? உங்கள் கையெட்டும் தூரத்திலேயே கல்வெட்டுகள் இருக்கின்றன. அம்பாசமுத்திரத்தில் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் வெட்டிய பாண்டியர் காலக் கல்வெட்டு உண்டு. பக்கத்தில் மன்னார்கோயிலிலும் திருவாலீஸ்வரத்திலும் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சுவர் சுவராக இருக்கின்றன. வரலாறு படிக்க விரும்பும் பாசனத் துறைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்களுக்குத் தோன்றவில்லை. நில தானக் கல்வெட்டு என்றால் எல்லை வரும்: 'கீழ்பாற்கெல்லை' இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, 'தென்பாற்கெல்லை' இன்ன மடைக்கு வடக்கு என்று போகும். மடை, மதகு, குமிழி, கலிங்கு என்று குளத்து நீரைத் திறந்துவிடும் அமைப்புகளின் பெயர்கள் வரும் இடத்தில் தமிழாசிரியர் தடுமாறுவார். நீங்கள் தரையில் கோடு போட்டு விளக்குவீர்கள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் வேலையாகவே அறிந்தவர் நீங்கள். முதல் வகுப்பை அதைப் பற்றியே எடுங்கள்.

வகுப்புக்கு ஆள் ஆறிலிருந்து பத்துக்குள் இருக்கட்டும். ஆறுக்குக் குறைந்தால் இரண்டு பேர் கல்யாண வீட்டுக்குப் போனாலே வகுப்பு நின்றுவிடும், பத்துக்கு மேல் போனால் ஒருவர் பேச மற்றவர் தூங்குவார்கள். தமிழாசிரியர் ஒருவர், பத்திரம் எழுதிப் பழகியவர் ஒருவர், கோயில் வழக்கம் அறிந்தவர் ஒருவர் கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இடத்துக்குக் கிளை நூலகரைக் கேளுங்கள். நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருப்பதால் புதிதாகச் சங்கம் பதிய வேண்டியதில்லை. யார் வீட்டுத் திண்ணையிலும் வைக்காதீர்கள். காபி போடுவது அந்த வீட்டுப் பெண்கள் தலையில் விழும், மூன்றாம் வாரம் சங்கடம் வரும். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம்: நாற்பது நிமிடம் ஒருவர் நடத்த, மீதி நேரம் எல்லோரும் சேர்ந்து வாசிப்பு. அரசியலும் பென்ஷன் நிலுவையும் வகுப்பு முடிந்த பிறகு. இதை முதல் நாளே சொல்லி வைக்காவிட்டால் நாலாவது வாரத்தில் படிப்பு போய் அரட்டை மட்டும் மிஞ்சும்.

வட்டெழுத்தில் தொடங்காதீர்கள், அது இரண்டாம் ஆண்டுப் பாடம். 11ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் அச்சான பாடம் உள்ள கல்வெட்டாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 14ஆம் தொகுதி பாண்டியர் பற்றியது. தொகுதிகளை இணையத்திலும் பார்க்கலாம். முதலில் அச்சுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அந்த எழுத்தைத் தேடுங்கள். வாரம் ஐந்து வரி போதும். பழைய கல்லில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'குளததுககு' என்று வெட்டியிருப்பதைக் 'குளத்துக்கு' என்று நாம்தான் படிக்க வேண்டும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டியிருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோலத் தெரியும், சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. தொடக்கத்து 'ஸ்வஸ்தி ஸ்ரீ' கிரந்த எழுத்தில் இருக்கும். ௧, ௨, ௩ தொடங்கி ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம் வரை முதல் மாதமே மனப்பாடம் செய்துவிடுங்கள். ஆட்சியாண்டும் நில அளவும் அதில்தான் ஒளிந்திருக்கும்.

உச்சி வெயிலில் போனால் ஒன்றும் தெரியாது. காலை எட்டுக்கு முன்னோ மாலை ஐந்துக்கு மேலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது வெட்டின் பள்ளத்தில் நிழல் நின்று எழுத்து எழும்பும். உள்ளே இருட்டாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். மாவு, சுண்ணாம்பு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் கல்லில் தடவக் கூடாது. அது கல்லைக் கெடுக்கும், பாதுகாக்கப்பட்ட சின்னமானால் சட்டமும் பாயும். கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகலான மைப்படிக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். படம் எடுக்கக் கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முழங்கால் ஒத்துழைப்பவர்களுக்கு ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் நல்ல பள்ளிக்கூடம். தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ் விக்கிமூலம் என்ற இலவச இணைய நூலகத்தில் பழைய நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை இருக்கிறது. இடப்பக்கம் தட்டச்சுப் பாடம், வலப்பக்கம் நூலின் படம்; ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஒருவர் பார்த்த பக்கம் மஞ்சளாகும், இன்னொருவரும் சரிபார்த்தால் பச்சையாகும். அதற்குத் தமிழ்த் தட்டச்சு தெரிய வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் இடக்கைக்கு உயிரும் வலக்கைக்கு மெய்யும் பெரும்பாலும் பிரிந்திருப்பதால் சீக்கிரம் பழகும்.

சான்றிதழ் தருகிறோம் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'ஏசி டாட் இன்' என்று முடிகிறதா பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் அந்த நிமிடமே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

மதினிக்கு வருவோம். பத்தாம் வகுப்பு முடித்தவர் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு சேரலாம், மேல் வயது வரம்பு இல்லை. ஐந்து பாடம். சேர்க்கை ஐந்து ஆண்டு செல்லும் என்பதால் ஆண்டுக்கு ஒரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். எந்தெந்தப் பாடத்துக்குத் தமிழில் புத்தகம் இருக்கிறது என்று பார்த்த பிறகே பாடங்களைத் தேர்ந்தெடுக்கட்டும். பாட்டுக்குத் தனி ஆசிரியரைத் தேடுங்கள். பாட வருகிறவரின் சுருதி எது என்று கண்டுபிடித்துத் தராமல் தன் சுருதியிலேயே எல்லோரையும் பாட வைக்கும் ஆசிரியர் என்றால் வேண்டாம், இந்த வயதில் தொண்டை கட்டிவிடும். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று பக்கத்து ஊருக்குப் போய்வர வேண்டியிருந்தாலும் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

படிப்பில் சேர்வதற்கு முன் மதினி பெயரில் தனிக் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கட்டும், ஆதாரிலும் அந்த எண்ணையே இணையுங்கள். பல வீடுகளில் அம்மாவின் ஆதாரில் மகன் எண் இருக்கிறது. ஓடிபி அவருக்குப் போகும், அவர் கூட்டத்தில் இருப்பார், பத்து நிமிடம் கழித்து அவர் எண்ணைச் சொல்லும்போது அது காலாவதியாகியிருக்கும்.