பத்து நாளாச்சு, பாட்டி முகம் இன்னும் காயல

கேள்வி: அண்ணா, எங்களுக்கு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். தலையில வெள்ளைத்துணி கட்டியிருக்கிற எங்க பாட்டிய முதல் தடவையா ஆயில் பெயிண்ட்ல வரையுறேன். பத்து நாளாகியும் முகம் காயல, தொட்டா கையில ஒட்டுது. சுண்ணாம்பு பூசுன மாதிரி வெளுத்தும் தெரியுது. ஹீட்டர் பக்கத்துல வைக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி, ஹீட்டர் பக்கமே கொண்டு போகாதீங்க. ஆயில் பெயிண்ட் ஈரம் வத்தி காயுறதில்ல, அதுல இருக்கிற ஆளிவிதை எண்ணெய் காத்துல இருந்து ஆக்சிஜன இழுத்து இறுகணும், நம்ம மலைக்குளிர்ல அது மெதுவாத்தான் நடக்கும், அதுவும் ஐப்பசி மழையில கேக்கவே வேணாம். சூடு காட்டினா மேல ஆடை கட்டி உள்ள ஈரமாவே கிடக்கும், அப்புறம் சுருங்கிடும்.

நீங்க சொன்ன ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு நினைக்கிறேன், வெள்ளை. டைட்டானியம் ஒயிட் மெதுவா காயுற கலர், வெளிச்சம் வேணும்னு எல்லா இடத்துலயும் அதையே கலந்தா தோல் சுண்ணாம்பாத்தான் போகும். நம்ம பாட்டிங்க தோலுக்கு எல்லோ ஆக்கர்ங்கிற மண் மஞ்சளும் பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பும்தான் உயிர். ஆண்டர்ஸ் சோர்ன்னு ஒரு ஸ்வீடன் ஓவியர், வெள்ளை, எல்லோ ஆக்கர், வெர்மிலியன்ங்கிற சிவப்பு, கறுப்பு இந்த நாலையே வச்சு எத்தனையோ முகம் வரைஞ்சிருக்காரு, அதனால கலர் நிறைய வாங்கணும்னு கவலைப்படாதீங்க.

முகம் காயாததும் இப்ப நல்லதுக்குத்தான். கலர் கலக்குற பேலட் நைஃப்ல சுரண்டி, கலர் கரைக்கிற டர்பன்டைன் தொட்ட துணியால துடைச்சுட்டு திரும்ப ஆரம்பிங்க. முதல்ல பர்ன்ட் அம்பர்ங்கிற கரும்பழுப்பு மட்டும், டர்பன்டைன்ல தண்ணியா கரைச்சு நிழல் எங்க வெளிச்சம் எங்கன்னு போடுங்க, அம்பர்ல மாங்கனீஸ் இருக்கிறதால சீக்கிரம் காயும். கண்ணைச் சுருக்கிப் பாத்தா கண்குழியும் கன்னத்துக்கு அடியும் ஒரே இருட்டா சேர்ந்து தெரியும், அங்க சுருக்கத்த எண்ணி எண்ணி வரையாதீங்க. எண்ணெய் அதிகமா இருக்கிற கலர் மேல் பூச்சுலதான் வரணும், மாத்திப் போட்டா வெடிப்பு விடும்.

தலைத்துணிய கடைசியா எடுங்க. மேகமூட்டத்துல பாருங்க, அது வெள்ளையே இல்ல, நீலம் கலந்த சாம்பல், நிழல் பக்கம் பாட்டி நெத்திய விட இருட்டாக்கூட இருக்கும். சுத்த வெள்ளை ஒரு மடிப்புல மட்டும் போதும்.

வடக்கு ஜன்னல் பக்கம் உக்கார வைங்க, இந்த மாசம் வெயில் அதுவழியா நேரா வராது, வெளிச்சம் மாறாம நிக்கும். ஆனா இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அவங்க எழுந்து நடக்கட்டும், சேர் காலுக்கு தரையில சாக்பீஸ்ல குறி போட்டுட்டா திரும்ப வந்து அதே இடத்துல உக்காரலாம்.