பளபளக்கும் வயிறு

அன்புள்ள சார்,

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். பத்தாயத்து எலிக்கென்று வளர்த்த பூனைக்கு இப்போது 13 வயது. மூன்று வாரமாக வயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் முடி கொத்தாகக் கையோடு வருகிறது. சொறி என்று வேப்பெண்ணெய் தடவினோம், கேட்கவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. வயசானால் இப்படித்தான் என்கிறார் மாமியார். படம் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொறி என்றால் சிவந்து, பொருக்குத் தட்டியிருக்கும். உங்கள் பூனையின் வயிறோ புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் செம்பு மாதிரி மின்னுகிறது. அந்த மினுமினுப்புதான் என்னை உறுத்துகிறது.

நான் டாக்டர் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டவன். எங்கள் கிழட்டுக் கடுவன் பூனைக்கு முன்னங்கால் விரல் வீங்கியபோது கருவேல முள் என்று நினைத்து ஒரு மாதம் ஒத்தடம் கொடுத்தேன். காட்டிய இடத்திலும் நகச்சுற்று என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். கடைசியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் கட்டி. பூனைக்கு நுரையீரல் புற்று விரலுக்குப் பரவுவதுண்டாம். இருமல்கூட இல்லாமல் நொண்டலே முதல் அறிகுறியாக வரலாம்.

வயதான பூனைக்கு வயிற்று முடி சட்டென்று உதிர்ந்து, தோல் மின்னி, உடம்பும் இளைத்தால் கணையத்திலோ பித்தநாளத்திலோ புற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதத்தின் மெத்தையும் வெடித்திருக்கலாம், திருப்பிப் பாருங்கள். கணையப் புற்று என்றால், தோலில் தெரியும்போது பெரும்பாலும் உள்ளே பரவியிருக்கும். மறைக்க விரும்பவில்லை. ஆனால் முகத்திலும் காதிலும் தொடங்கிச் செதில் செதிலாக உரிவது வேறு கதை. அது நெஞ்சில் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பியில் வந்த கட்டியால் என்றால், கட்டியை எடுத்ததும் தோல் தேறிய பூனைகள் உண்டு.

தெள்ளுப்பூச்சி, படர்தாமரை, ஓயாமல் நக்குவது என்று முடி கொட்ட சாதாரணக் காரணங்களும் நிறைய. வயசு மட்டும் பூனையை மொட்டையாக்காது, மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வேப்பெண்ணெயை நிறுத்துங்கள், நக்கி விழுங்கிவிடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தஞ்சாவூர் வழியாக ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, மூன்றையும் நீங்களே கேளுங்கள். ஸ்கேன் என்றைக்கு எடுப்பார்கள் என்று முன்பே விசாரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். பஸ்ஸில் கூடை உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.