வடக்குப் பார்த்த படுக்கையறைக்கு எந்தச் சுவர் நிறம் பொருந்தும்: வெளிர் சாம்பலா, க்ரீமா?

ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பக்கம். தேக்குக் கதவு, வெள்ளை டைல்ஸ் என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த அறைக்கு க்ரீம்தான், சந்தேகமே வேண்டாம்.

நம் ஊரில் சித்திரைக்குப் பிறகு சில மாதம் சூரியன் வடக்கே சாய்வதால் அந்த ஜன்னலில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற நாளெல்லாம் வானத்து வெளிச்சம்தான். அதில் நீலம் தூக்கல். வெளிர் சாம்பல் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் இதே மாதிரி அறை, சாம்பல் சுவர். தேக்கு நிலையை ஒட்டிய இடத்தில் சுவர் இன்னும் நீலமாகத் தெரியும். மரத்தின் செம்மஞ்சள் அதைத் தூக்கிக் காட்டிவிடும். மழை நாளில் பூசி முடிக்காத சிமென்ட் சுவர் போலவே இருக்கும். க்ரீமில் உள்ள துளி மஞ்சள் அந்த நீலத்தைச் சமன் செய்துவிடும்.

படுக்கையறையில் நாம் அதிகம் இருப்பது ராத்திரியில். அதனால் பல்பையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். 6500 கெல்வின் (லைட்டின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை லைட்டில் சாம்பல் இன்னும் குளிர்ந்து போகும். 3000 கெல்வின் மஞ்சள் லைட்டில் க்ரீம் கொஞ்சம் அழுத்தமாகத் தெரியும். 4000 கெல்வின் போட்டால் க்ரீம் க்ரீமாகவே இருக்கும்.

ஷேடு கார்டை மட்டும் நம்பாதீர்கள். சின்னத் துண்டில் பார்ப்பதைவிட நாலு சுவரிலும் ஏறும்போது நிறம் அழுத்தமாகத் தெரியும். 200 மில்லி சாம்பிள் டப்பா கிடைத்தால் இரண்டு நிறத்திலும் வாங்கி, பெரிய வெள்ளை சார்ட்டில் சுற்றிலும் ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். பழைய சுவரின் மேலேயே அடித்துப் பார்த்தால் கண் ஏமாறும்: பச்சைச் சுவருக்கு நடுவே சாம்பல் லேசாக ரோஸ் அடிக்கும். சார்ட்டைக் கதவோரம் ஒரு நாள், ஜன்னலுக்கு எதிரே ஒரு நாள் ஒட்டி, காலையிலும் லைட் போட்ட பிறகும் பாருங்கள்.

மேற்குப் பார்த்த ஹாலாக இருந்தால் நானே சாம்பலைத்தான் சொல்லியிருப்பேன். சாயங்கால வெயிலின் காட்டத்தை அது நன்றாக அடக்கும். இந்த அறையிலும் சாம்பல் வேண்டும் என்று ஆசையிருந்தால் திரையிலும் மெத்தை விரிப்பிலும் கொண்டு வாருங்கள், க்ரீமோடு அழகாகச் சேரும்.

மொத்த பெயின்டையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள். டப்பாவில் ஒட்டியிருக்கும் ஷேடு நம்பரை போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு டச்சப்புக்கு வேண்டும்.