கூப்பிடுவாள், கூப்பிட்டாள்

அன்புள்ள ஐயா,

மேற்படிப்புக்காக வாலென்சியா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஸ்பானிஷ் வகுப்பில் நிகழ்காலம் வரை தடையில்லாமல் வந்தேன், இறந்தகாலத்தில் மாட்டிக்கொண்டேன். 'யாமார்' (கூப்பிடுவது, போன் செய்வது) போன்ற ஒழுங்கான வினைக்கே இரண்டு வரிசை இருக்கிறது. யாமே, யாமாஸ்தே, யாமோ என்று ஒன்று. யாமாபா, யாமாபாஸ் என்று இன்னொன்று. முடிந்த செயலுக்கு முதலாவது, முடியாததற்கு இரண்டாவது என்கிறார் ஆசிரியை. கூப்பிட்டது என்றாலே முடிந்துபோனதுதானே? தமிழில் 'கூப்பிட்டேன்' ஒன்றுதானே இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

தமிழிலும் ஒன்று மட்டும் இல்லை. உங்கள் பாட்டியைப் பற்றி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 'பாட்டி விடிகாலையில் எழுந்துவிடுவாள், வாசல் தெளிப்பாள், எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள்.' பாட்டி போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் இப்படித்தான் சொல்வோம். எதிர்கால இடைநிலையை வைத்துக்கொண்டு பழைய காலத்தின் வழக்கத்தைப் பேசுகிறோம். அப்புறம், 'ஒரு நாள் என்னை மட்டும் கூப்பிட்டாள்' என்று மாறும்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். அங்கே ஒரு சம்பவம் தொடங்குகிறது.

ஸ்பானிஷ்காரர்கள் செய்வதும் இதுதான். 'மி மாத்ரே யாமாபா லோஸ் தோமிங்கோஸ்': அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். 'உன் தோமிங்கோ நோ யாமோ': ஒரு ஞாயிறு கூப்பிடவில்லை. எதிர்மறையில்கூட இந்த வேறுபாடு நம்மிடம் இருக்கிறது. 'அப்போதெல்லாம் கூப்பிட மாட்டாள்' என்றால் நோ யாமாபா, 'அன்று கூப்பிடவில்லை' என்றால் நோ யாமோ. 'கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்' என்பதும் பெரும்பாலும் யாமாபா பக்கம்தான்.

நீண்ட காலம் நடந்ததெல்லாம் இரண்டாவது வரிசை என்று நினைத்துப் பலர் சறுக்குகிறார்கள். 'மூன்று வருடம் மாட்ரிட்டில் வசித்தேன்' என்பதற்கு முதல் வரிசையின் 'பிபி', இரண்டாவதின் 'பிபியா' அல்ல. தமிழை வைத்தே சோதிக்கலாம்: இவ்வளவு காலம் என்று கணக்குச் சொல்லிவிட்டு 'வசிப்பேன்' என்போமா? மாட்டோம். ஆனால் இந்தச் சோதனை 'இருந்தது' என்ற இடத்தில் கைகொடுக்காது. வீடு பெரிதாக இருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, எனக்குப் பத்து வயது என்று பின்னணியை வரையும்போது ஸ்பானிஷ் இரண்டாவது வரிசைக்குப் போகும். அதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

வடிவங்கள் எளிது. முதல் வரிசையில் நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற முறைப்படி: யாமே, யாமாஸ்தே, யாமோ, யாமாமோஸ், யாமாஸ்தெய்ஸ், யாமாரோன். 'யாமாமோஸ்' நிகழ்காலத்திலும் அதேதான், சூழல் சொல்லிவிடும். இரண்டாவது வரிசையில் நானும் அவளும் ஒரே 'யாமாபா' என்பதால் தேவைப்படும் இடத்தில் 'யோ' (நான்) சேருங்கள். அந்த வரிசையில் ஒழுங்கு தவறும் வினைகள் மொழி முழுவதிலும் மூன்றே: செர் (இருப்பது), இர் (போவது), பேர் (பார்ப்பது).

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது அழுத்தம். தமிழில் குறில் நெடில் பொருளை மாற்றும்; படம் வேறு, பாடம் வேறு. எந்த அசையை அழுத்துகிறோம் என்பது மாற்றாது. அதனால் நம் காது அதைக் கவனிப்பதில்லை. மாட்ரிட்டில் குடியிருந்தபோது, குழாய் ரிப்பேர் செய்பவர் போன் செய்ததை வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லப் போனேன். 'யாமோ' என்றேன், அழுத்தம் 'யா'வில் விழுந்துவிட்டது. அதற்கு 'நான் கூப்பிடுகிறேன்' என்று பொருள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கூப்பிடுவேன் என்று அவரும், அவர் திருப்பிக் கூப்பிடுவார் என்று நானும் இருக்க, இரண்டு நாள் சமையலறையில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்தோம். 'மோ'வை அழுத்தியிருந்தால் 'அவர் கூப்பிட்டார்' ஆகியிருக்கும். எழுத்தில் அந்த ஓவின் தலையில் ஒரு சாய்கோடு நிற்கும், அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். 'யாமே'யும் அப்படித்தான்: பின்னால் அழுத்தினால் கூப்பிட்டேன், முன்னால் அழுத்தினால் 'நீங்கள் கூப்பிடுங்கள்'.

வாலென்சியாவில் 'எ யாமாதோ' (கூப்பிட்டிருக்கிறேன்) என்றும் கேட்பீர்கள். இன்று காலை நடந்ததற்கு அங்கே அதுதான் வரும். மெக்சிகோ நண்பர்கள் இருந்தால் அதற்கும் 'யாமே' என்பார்கள். இரண்டும் சரி.

பாட்டியைப் பற்றிப் பத்து வரி தமிழில் எழுதுங்கள். '-வாள்', '-பாள்' வரும் இடங்களில் கோடு போட்டுவிட்டு ஸ்பானிஷில் மாற்றுங்கள். எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.