எந்த விரல், எந்த நேரம்?

வாசகர் கேள்வி பதில்: முழங்கை, மணிக்கட்டு, விரல்கள்

கை வலி பற்றிக் கடிதம் எழுதியவர்களில் நிறைய பேர் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள், என்ன ஸ்கேன் எடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். சரியாக எந்த இடத்தில் வலிக்கிறது, என்ன செய்யும்போது வலிக்கிறது என்பதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். கையைப் பொறுத்தவரை பல நேரம் அந்த இரண்டு பதில்களே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

*கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக வேலை பார்க்கிறேன், வயது 43. நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறேன், உதறினால் சரியாகிறது. எக்ஸ்ரேயில் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிக் கழுத்துக்கு பெல்ட் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் போட்டும் குறையவில்லை. இப்போது பாபின் மாற்றும்போது கை நழுவுகிறது.*

உதறினால் சரியாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் சகோதரி, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இன்று ராத்திரி மரத்துப்போய் எழும்போது விளக்கைப் போட்டு, எந்தெந்த விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி, இவை மரத்துப்போய் சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் கார்ப்பல் டனல் பிரச்சினைதான். மணிக்கட்டில் கீழே எலும்பு, மேலே ஒரு தடித்த நார்ப்பட்டை, நடுவில் உள்ள குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் போகின்றன. அங்கே கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது அந்த நரம்புதான். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடித்துக்கொள்வதால் ராத்திரியில் அதிகமாகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கைகளின் புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் அந்த விரல்களில் எறும்பு ஊர்வது போல் வந்தால் சந்தேகம் பலமாகிறது. மாறாக, மரத்துப்போவது சுண்டுவிரலும் அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் என்றால் கதையே வேறு, அது முழங்கைக்குப் பின்னால் ஓடுகிற நரம்பு, கையை மடக்கி நெடுநேரம் போன் பேசினால் கூடும்.

அப்படியானால் கழுத்து? கழுத்து நரம்பு அழுந்தினால் வலி பெரும்பாலும் கழுத்திலிருந்து தோள் வழியாக இறங்கும், கழுத்தைத் திருப்பினால் அதிகமாகும், கையை உதறினால் போகாது. 40 வயதுக்கு மேல் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் பலருக்குக் கொஞ்சம் தேய்மானம் தெரியத்தான் செய்யும், எந்த வலியும் இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தில் தெரிவதற்கெல்லாம் வைத்தியம் செய்யப் போனால் உண்மையான நோய் தப்பித்துவிடும்.

பாபின் நழுவுகிறது என்பதுதான் எனக்குக் கவலை. இரண்டு உள்ளங்கைகளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் உள்ள சதை மேடு வலது கையில் தட்டையாகியிருந்தால் தாமதிக்க வேண்டாம், கரைந்த சதை முழுதாகத் திரும்பி வராமல் போகலாம். நரம்பு எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று நெர்வ் கண்டக்‌ஷன் பரிசோதனை சொல்லும், கூடவே சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் இதற்குக் காரணமாகலாம். ஆரம்ப நிலை என்றால் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டே பலருக்குப் போதும். கடையில் கிடைப்பதில் பல, உள்ளே இருக்கும் தகடு மேல்நோக்கி வளைந்தபடி வரும், அதை உருவி நேராக்கிக்கொண்டு போடுங்கள். சதை கரைய ஆரம்பித்திருந்தால் அந்த நார்ப்பட்டையை வெட்டி இடம் கொடுக்க வேண்டும், சிறிய ஆபரேஷன்தான், பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

*கேள்வி: முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டென்னிஸ் எல்போ என்கிறார்கள், நான் மட்டையைத் தொட்டதே இல்லை. ஒரு ஊசி போட்டதும் வலி போய்விட்டது, இப்போது மறுபடி வந்துவிட்டது. இன்னொன்று போடலாமா?*

வேண்டாம் என்பேன். குக்கரை உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கும்போது சுரீர் என்று வலித்து, அதே குக்கரை உள்ளங்கை மேலே பார்க்க ஏந்தினால் வலி குறைகிறதா? வெளிப்பக்க எலும்பு முனையில் ஒரு விரலால் அழுத்தினால் துடிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவர்கள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், மணிக்கட்டைத் தூக்குகிற தசையின் நாண் அங்கேதான் ஒட்டியிருக்கிறது, துணி பிழிகிறவர்களுக்கும் ஸ்பேனர் பிடிக்கிறவர்களுக்கும் நிறையவே வரும். ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்கள் அற்புதமாக இருக்கும், ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போடாமல் பொறுத்திருந்தவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்டிடம் அந்தத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொண்டு, தூக்குகிற விதத்தையும் மாற்றுங்கள். மெதுவாகத்தான் குறையும், பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது.

*கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். குழந்தையைத் தூக்கினால் கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் வலி. வாயு என்கிறார்கள், பத்தியம் போதுமா?*

பத்தியத்தில் இது போகாதம்மா. கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள், மற்ற கையைவிட அதிகமாக வலித்தால் அங்கே ஓடும் இரண்டு நாண்களின் உறை தடித்திருக்கிறது. 1895-லேயே டி கெர்வெய்ன் என்ற சுவிஸ் சர்ஜன் எழுதிவைத்த நோய். குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துத் தூக்குவதை நிறுத்தி, அடியில் உள்ளங்கையைக் கொடுத்து அள்ளித் தூக்கட்டும், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போடட்டும். பச்சை உடம்புக்காரி, வீட்டில் மற்றவர்களும் குழந்தையைத் தூக்குங்கள்.

*கேள்வி: வயது 22. பைக்கிலிருந்து விழுந்து கையை ஊன்றினேன். அன்றைக்கே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்றார்கள். மூன்று வாரமாகியும் வலி. சுளுக்கு எடுக்கலாமா?*

யாரையும் நீவ விடாதீர்கள் தம்பி. கட்டைவிரலை மேலே தூக்கினால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். அதை அழுத்தினால் வலிக்கிறதென்றால், இல்லை என்று நிரூபணமாகும்வரை மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பின் முறிவு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிறிய எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது, அதனால் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு ரத்தமில்லாமல் சேராமலே போகலாம், கவனிக்காமல் விட்டால் சில வருடங்களில் மூட்டே தேய்ந்துவிடும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது சகஜம், அதனால்தான் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. நாளைக்கே எலும்பு டாக்டரிடம் போய் ஸ்கேஃபாய்டுக்கான கோணத்தில் எக்ஸ்ரே கேளுங்கள், அதிலும் தெரியாமல் வலி இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாம். அதுவரை அந்தக் கையால் பைக் ஓட்டாதீர்கள், பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள்.