டெர்பியில் 20 குதிரை: கூட்டமும் பாதையும் பந்தயக் கணக்கும்

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டும்போது குதிரைகளின் எண்ணிக்கையையும், ஓட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் அமைகிற பாதையையும் (ரேஸ்காரர்கள் ‘டிரிப்’ என்பார்கள்) எப்படிக் கணக்கில் எடுப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி: அண்ணா, 20 குதிரை என்பது யார் வைத்த கணக்கு?

1974-ல் நூறாவது டெர்பியில் 23 குதிரைகள் ஓடின. ஒரே நெரிசல். மறு ஆண்டே 20 என்று வரம்பு கட்டிவிட்டார்கள். அடுத்து வரும் பிரீக்னஸ் பந்தயத்தில் 14தான்.

கேள்வி: கூட்டம் கூடினால் கிடைக்கும் பணமும் கூடும்தானே?

கூடும், ஆனால் சும்மா இல்லை. முதல் மூன்று இடங்களை வரிசையாகச் சொல்லும் டிரைஃபெக்டாவில், 8 குதிரை ஓடினால் 336 விதமான முடிவு சாத்தியம். 20 ஓடினால் 6,840. ஐந்து குதிரையைப் பிடித்து எல்லா வரிசையிலும் கட்டினாலும் உங்கள் கையில் இருப்பது 60 மட்டும். டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானம், இந்த வகைப் பந்தயத்தில் கட்டப்படும் மொத்தப் பணத்தில் முதலிலேயே 22 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. முதலாவதாக வரும் குதிரையை மட்டும் சொல்லும் வின் பந்தயத்தில் 17.5. பெயர் பிடித்தது, நிறம் பிடித்தது என்று வருஷத்துக்கு ஒரு நாள் கட்டுகிறவர்களின் பணமும் அன்றைக்குக் குவிந்து, மற்ற குதிரைகளுக்குக் கிடைக்கும் பணம் கூடுவதால், நான் வின்னோடு நிறுத்திக்கொள்வேன்.

கேள்வி: ‘வெளிப்பக்கமாகச் சுற்றி வந்ததால் தோற்றது’ என்பதெல்லாம் சாக்குதானே?

சாக்கும் உண்டு, கணக்கும் உண்டு. வளைவை அரைவட்டம் என்று வையுங்கள். உள்வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் கூடுதலாக 3.14 மீட்டர் ஓட வேண்டும். வளைவு பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை. டெர்பியில் இரண்டு வளைவு. இரண்டிலும் மூன்று மீட்டர் வெளியே ஓடினால் கிட்டத்தட்ட 19 மீட்டர், அதாவது ஏழு குதிரை நீளத்துக்கு மேல்!

2024 டெர்பியைப் பாருங்கள். சியரா லியோன் என்ற குதிரை 2-ஆம் கேட் (புறப்படும் கூண்டு, 1 உள்வேலிப் பக்கம்), மிஸ்டிக் டான் 3-ஆம் கேட், அடுத்தடுத்து நின்றவை. மிஸ்டிக் டான் வேலியை ஒட்டியே வந்தது, கடைசி வளைவில் ஜாக்கி ஹெர்னாண்டஸ் உள்பக்கச் சந்தில் அதை நுழைத்துவிட்டார். சியரா லியோன் பின்தங்கி, வெளியே சுற்றி, கடைசி நேர்பாதையில் ஜப்பானின் ஃபாரெவர் யங்கோடு இடித்துக்கொண்டே வந்து மிஸ்டிக் டானிடம் மூக்கு வித்தியாசத்தில் தோற்றது. அந்த நவம்பரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற பெரிய பந்தயத்தை ஜெயித்தது அதே சியரா லியோன்தான்.

கேள்வி: நல்ல பாதை யாருக்கு அமையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

20 குதிரையில் முடியாது. அதனால் டெர்பியில் சின்னதாகக் கட்டிவிட்டு, அப்புறம் வீடியோவை ஓடவிட்டு, ஜெயித்ததை விட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். அதே 2024-ல் டோர்னாக் 1-ஆம் கேட்டிலிருந்து கிளம்பியதுமே நெரிபட்டு, பத்தாவதாக வந்தது. ஐந்து வாரம் கழித்து சரடோகா மைதானத்தில் பெல்மான்ட் பந்தயம், மொத்தமே பத்து குதிரை. டோர்னாக் தொடக்கத்திலேயே முன்வரிசைக்குப் போய், 17-க்கு 1 விலையில் (ஒரு டாலர் கட்டினால் 17 டாலர் லாபம்) ஜெயித்தது. நோட்டில் குறித்து வைத்திருந்தும் நான் கட்டியது சியரா லியோன் மேல். மூன்றாவதாக வந்தது, சரி விடுங்கள்.

கேள்வி: ரிச் ஸ்ட்ரைக் 80-க்கு 1 விலையில் ஜெயித்ததே, அது?

2022-ல் முன்னால் போனவை முதல் அரை மைலை 45.36 விநாடியில் ஓடித் தீர்ந்துபோயின. பின்னால் இருந்த ரிச் ஸ்ட்ரைக்குக்கு உள்பக்கம் வழி திறந்தது. பெல்மான்டில் எட்டே குதிரை, அந்தச் சலுகை எதுவும் இல்லை. ஆறாவது இடம்.

கேள்வி: கேட் எண் ராசி பார்ப்பீர்களா சார்?

எந்தக் கேட்டிலிருந்து எத்தனை வெற்றி என்ற பழைய பட்டியலை அப்படியே நம்ப மாட்டேன். 2019 வரை 14 இடமுள்ள ஒரு கேட், பக்கத்தில் 6 இடமுள்ள இன்னொன்று. 1-ஆம் இடத்தில் நின்ற குதிரை நேராகப் போனால் வேலியில்தான் முட்டும். 2020 முதல் 20 இடமும் ஒரே கேட்டில். உள்பக்கம் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.