வில்லங்கம் சுத்தம் என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?

கேள்வி: இரண்டு வருடமாகத் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் வீடு தேடுகிறோம். இப்போதுதான் மனதுக்குப் பிடித்த ஒரு தனிவீடு 70 லட்சத்துக்கு அமைந்திருக்கிறது. விற்பவரின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிக் கட்டியது. அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா மகன் பெயரில் இருக்கிறது. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணத்தின்போதே நகை, சீர் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டார்களாம். 30 வருட வில்லங்கம் சுத்தம், நாளைக்குள் 2 லட்சம் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும் என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். அப்பா இறந்ததும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டாகிறதே, அது அதில் வராது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவுதான். மகன் பெயரில் பட்டா இருப்பதால் மட்டும் வீடு முழுவதும் அவருடையதாகிவிடாது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. அவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்கும் பங்கு உண்டு. இதைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். பாட்டி அப்போது இல்லை, அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், உங்களிடம் பேரம் பேசும் மகனுக்குச் சொந்தம் கால்பங்குதான். நகை போட்டதால் தங்கைகளின் பங்கு போய்விடாது. ஒன்று, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவர்கள் எழுதிப் பதிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். இல்லை, உங்கள் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாக அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஒரு விஷயத்தைத் தோண்டித் துருவிக் கேளுங்கள். வாரிசுகளில் யாராவது இறந்து, 18 வயது நிரம்பாத பிள்ளை இருக்கிறதா? உதாரணமாக, ஒரு தங்கை இறந்திருந்தால் அவர் பங்கில் அவர் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. "குழந்தைக்காக அப்பா கையெழுத்துப் போடுவார்" என்பார்கள். கோர்ட் அனுமதி இல்லாமல் மைனரின் பங்கை அப்பாவால்கூட விற்க முடியாது. விற்றால், அந்தப் பிள்ளை 18 வயதானதிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது என்றால் இன்னும் பதினைந்து வருடம் அந்தப் பயம் உங்கள் தலைமேல் இருக்கும். அனுமதி வாங்கத் தாமதமாகும் என்று சொன்னால் காத்திருங்கள், அல்லது விட்டுவிடுங்கள். குறுக்கு வழி எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

புரோக்கர் சொல்லும் அந்த "வேறு பார்ட்டி"யை நம்பி அவசரப்படாதீர்கள். அவருக்குக் கமிஷன் கிரயம் முடிந்ததும் வந்துவிடும்; வழக்கு வந்தால் கோர்ட் படி ஏறப்போவது நீங்கள்தான். "பேங்க்கே லோன் கொடுக்கிறது, வக்கீல் பார்த்துவிட்டார்" என்பார்கள். அந்த வக்கீல் பார்ப்பது வங்கியின் கடனுக்கு. உங்களுக்கென்று ஒரு வக்கீல் வையுங்கள். அப்பா இடத்தை வாங்கியபோது எழுதிய மூலப்பத்திரத்தின் அசலைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஜெராக்ஸ்தான் இருக்கிறது என்றால் அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக அரசு 9 சதவீதம் வாங்குகிறது. உங்கள் வீட்டுக்கு 6 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். இவ்வளவு வாங்கியும், விற்றவர்தான் உரிமையாளர் என்று எந்த அலுவலகமும் உங்களுக்கு உறுதி தருவதில்லை. பத்திரம் ஒரு துறையில், பட்டா இன்னொரு துறையில், வாரிசுச் சான்று தாலுகா அலுவலகத்தில். இதையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் வேலையை வாங்குகிறவர் தலையில் கட்டியிருப்பது அநியாயம். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

சரி, இந்த வீடு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. வாரிசுச் சான்றையும் அப்பாவின் இறப்புச் சான்றையும் கேளுங்கள். தங்கைகளிடம் நேரில் பேசுங்கள். போனில் அண்ணன் பேசச் சொல்லிப் பேசுவது போதாது. எல்லோரும் சம்மதித்தால் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அதையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சூழ்நிலையில் அட்வான்ஸ் திரும்ப வரும் என்பதும் அதில் இருக்கட்டும். அதற்குப் பிறகு பணத்தை வங்கி மூலமாக, வாரிசுகள் ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் பங்குப்படி போடுங்கள். புரோக்கர் கையில் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸாகக் கொடுக்க வேண்டாம்.